டிக்ரி தொடாத வீடு

கோடியக்கரையில் பிராமிசரி நோட்டு எழுதிக் கடன் வாங்கியவருக்கு உள்ள பெரிய பயம், தவணை தவறினால் கோர்ட் அமீனா வந்து வீட்டை ஜப்தி செய்துவிடுவார் என்பது. பெரும்பாலோருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதன் 60ஆம் பிரிவில், விவசாயியும் கூலித் தொழிலாளியும் தாம் குடியிருக்கும் வீட்டை, மனையோடு சேர்த்து, ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. அகத்தியம்பள்ளி உப்பளத்தில் கூலிக்கு வாருகிறவர் இதற்குள் வருவார். சொந்த விசைப்படகு வைத்திருப்பவர் வருவாரா என்பது வாதாடிப் பார்க்க வேண்டிய விஷயம். விலக்கு உண்டென்று கோர்ட்டில் கேட்டு நிரூபிப்பது கடனாளியின் வேலை. நோட்டீஸைப் பரணில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் விலக்கு தானாக வந்து நிற்காது. ஆனால், ‘எனக்கு இந்த விலக்கு வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. 1976ஆம் ஆண்டின் திருத்தம் அப்படிச் சொல்கிறது. ஏழையின் கூரையை அவனே விட்டுக்கொடுக்க முடியாது என்ற அளவுக்குச் சட்டம் கறாராக இருக்கிறது.

அதே வீட்டை அடமானம் வைத்தால் இந்தக் கறார் எல்லாம் காற்றில் போய்விடுகிறது. அடமான டிக்ரிக்கு ஜப்தியே தேவையில்லை. அந்தச் சொத்தை விற்கச் சொல்லி டிக்ரியே உத்தரவிடுகிறது. ஒப்பந்தத்தால் துறக்க முடியாத பாதுகாப்பை அடமானக் கையெழுத்து ஒன்று துடைத்துவிடுகிறது என்பது எனக்கு முரணாகவே படுகிறது. அதிலும் வட்டிக்கடைக்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போனால் பணம் கட்ட வழக்கமாக ஆறு மாதம் வரை அவகாசம் கிடைக்கும். ஏலம் உறுதியாகும்வரை கட்டி மீட்கலாம். வங்கிக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: வாராக்கடன் ஆனதும் 60 நாள் நோட்டீஸ், பிறகு வழக்குப் போடாமலே சுவாதீனம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் வாய்ப்பும் போயிற்று.

வீட்டை ஈடாக வைக்க முடியாவிட்டால் யார் கடன் தருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கூரைகளைப் பிய்த்துப் போட்டபோது, ஈடு காட்ட எதுவுமில்லாதவருக்குக் கந்துவட்டி ஒன்றே வழியாக இருந்திருக்கும். அடமானத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. சிவில் கோர்ட் தரும் மீட்பு அவகாசத்தை வங்கிக் கடனாளிக்கும் கொடுத்தால் கடன் நின்றுவிடாது. கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தைப் பயன்படுத்தித்தானே பெரிய கடனாளிகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள், அதற்காகத்தானே 2002 சட்டம் வந்தது என்றால், அதுவும் உண்மை. அப்படியானால் சிறியவரைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கு விலக்கு அளிக்கிறது. 2002இல் வைத்த அந்த வரம்பு இன்றைய விலைவாசியில் ஒரு தளம் போடக்கூடக் காணாது. அதை உயர்த்துவதே முதல் வேலை.

அதுவரை, நிலமும் வீடும் உள்ளவர் எதை ஈடாகக் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். விவசாய நிலம் 2002 சட்டத்தின் பிடிக்குள் வராது. அதை ஏலம் விட வங்கியும் வழக்கு நடத்தித்தான் ஆக வேண்டும். வயலைவிட வீட்டுப் பத்திரத்தை வங்கிகள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.