அம்பாசடருக்கு எஃப்.சி. காட்டப் போகிறீர்களா?

பதினைந்து வயதைத் தாண்டிய காரைச் சாலையில் இறக்கவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். தில்லிச் செய்திகளை அரைகுறையாகக் கேட்டதன் விளைவு இது. பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசல் காருக்கு 10 ஆண்டு என்ற பேச்செல்லாம் தலைநகர வட்டாரத்துக்கென்று பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் பிறப்பித்த உத்தரவுகளிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார்களுக்கு அப்படியொரு வயதுத் தடை கிடையாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 41-ஆவது பிரிவில் முதல் பதிவுக்கு 15 ஆண்டு தருகிறது. அதன்பின் வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். இத்தனை முறைதான் என்று சட்டம் சொல்லவில்லை. உத்தர்பாராவில் பிறந்த அம்பாசடர், பம்பாய் குர்லாவின் பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் இந்த வழியில்தான் சாலையில் நீடிக்க வேண்டும்.

எஃப்.சி. என்னும் இந்தத் தகுதி ஆய்வில் பழைய கார்கள் சிக்குவது பல நேரம் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே. ஆர்.சி. புத்தகத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். வாரிசுப் பெயர் மாற்றத்தை மூன்று மாதத்துக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னொரு வீட்டில், எண்பதுகளிலேயே கட்டி முடித்த கடனின் 'எச்.பி.' குறிப்பு மட்டும் ரத்தாகாமல் புத்தகத்தில் நிற்கும். கடன் தீர்ந்ததென்று கடிதம் வாங்கப் போனால் அந்த நிதி நிறுவனமே இருக்காது. கையால் எழுதிய பழைய புத்தகத்தின் விவரங்கள் 'வாகன்' கணினியில் ஏறாமல் விட்டுப்போயிருந்தால், அதை ஏற்றச் சொல்லி முதலில் அலைய வேண்டும்.

அம்பாசடர்காரர்களுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. பெட்ரோல் செலவுக்குப் பயந்து ஒரு காலத்தில் பலர் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். அது ஆர்.சி.யில் ஏறியிருந்தால் கவலையில்லை. ஏறாவிட்டால், எஞ்சின் எண்ணும் எரிபொருளும் புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டியை எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் விடமாட்டார், விடவும் கூடாது. சேசிஸ் எண்ணும் இப்படித்தான். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். நாலைந்து முறை பெயின்ட் அடித்த வண்டியில் எண் மூழ்கிக் கிடக்கும். டிங்கரிங் கடையில் அதைச் சுரண்ட கிரைண்டரை எடுத்தால் எண்ணே போய்விடும். தின்னரும் துணியும் பொறுமையும் போதும்.

காகிதம் சரியானால், அடுத்தது பிரேக். பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம். அத்தனைக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்று. ஏதாவது ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்தாலும் பெடல் தரையில் போய் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் போனால் பின்பக்கம் பிடிக்கும் என்ற ஆறுதல், இரட்டைச் சுற்று உள்ள பிந்தைய கார்களுக்குத்தான். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியைவிட ஷெட்டில் நிற்கும் வண்டியில் இந்த ஆபத்து அதிகம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரைக் குழி குழியாக அரிக்கும். குழி விழுந்த சுவரில் புது ரப்பர் கப்பும் வெகுநாள் தாங்காது. ஆகவே கப்பை மட்டும் மாற்றி ஒப்பேற்றுவது வீண்செலவு. சிலிண்டரையே மாற்றி, ரப்பர் ஹோஸ்களையும் மாற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்துவிட வேண்டும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் எதிர்ப்பக்க ஷூதான் எண்ணெய் குடித்துப் பிடிக்காமல் கிடக்கும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் ட்ரன்னியன் என்ற பித்தளைப் பாகம் இருக்கிறது. அதற்கு விட வேண்டியது கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் அதன் மரைக்குள் சரியாகப் போய்ச் சேராது; உள்ளே தண்ணீர் தங்கித் துரு ஏறும்; ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ஆய்வில் வெளித் தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். எஃப்.சி. தேறியது என்பதற்காக இதை விட்டுவிட முடியாது.

துருவுக்கு வருவோம். அம்பாசடருக்குத் தனி சேசிஸ் இல்லை. தரைத்தகடும் கதவடிப் பெட்டிப் பகுதியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே பட்டி பூசிக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது வண்டியைக் காப்பாற்றும் வேலை இல்லை. ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது. விளக்குகள் மங்கினால் முதலில் துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். டைனமோ வண்டிகளில் ஐடிலில் வெளிச்சம் சற்றே குறைவது இயல்பு. முன்சீட் பெல்ட் 1994-இல்தான் கட்டாயமானது என்பதால் அதற்கு முந்தைய கார்களில் அது இல்லாததைக் குற்றமாகக் கொள்ள முடியாது.

புகைச் சான்று பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. பாரத் ஸ்டேஜ் இரண்டுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். வரை விதி அனுமதிக்கிறது. முதலாவது மீறினால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறது. இரண்டாவது மீறினால் பாயிண்ட், பிளக், டைமிங் பக்கம் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு சோதனைக்குக் கொண்டுபோனால் பாதிச் சிக்கல் தீரும்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் பதிவு என்று தனிப் பாதை திறந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அடுத்த மறுபதிவுக்கு 5,000. எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' வரிசை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அந்தக் காரை வெளியே எடுக்க முடியும். வழக்கமான புதுப்பித்தலுக்கு, 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், அதுவும் ஐந்தாண்டுக்கு. முதல் பத்தாண்டுக்கு இரண்டும் ஒரே தொகைதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் காரை எடுப்பவர் விண்டேஜ் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. எஞ்சினோ பாடியோ மாற்றிய வண்டிக்கு அந்தக் கதவு எப்படியும் திறக்காது.

பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் மத்திய விதியில் உண்டு. பசுமை வரி தனி. தாத்தா காலத்துக் காரை மீட்டெடுக்க நினைப்பவர்கள் பெயின்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், நிலுவை எவ்வளவு, 'வாகன்' பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டு வந்துவிட வேண்டும்.