வரிசையில் நிற்பவர்கள்: அமெரிக்கக் கோடைத் தொலைக்காட்சியும் காத்திருத்தலின் அரசியலும்

நம்மூர் நெடுந்தொடர்களில் பழகியவர்களுக்கு ஒரு சங்கதி சட்டென்று பிடிபடாது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பருவம் என்று ஒன்று உண்டு. செப்டம்பரில் தொடர்கள் முளைக்கும். மே மாதம் அறுவடை முடிந்து களம் காலியாகிவிடும். நடுவில் 22 அல்லது 24 வாரக் கதை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பார்த்ததையே திரும்பப் போடுவார்கள். பெரிய அலைவரிசைகளில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இப்படித்தான் நடந்தது.

வெயில் காலத்தில் ஜனங்கள் வெளியே போய்விடுவார்கள், வீட்டில் எவன் இருக்கிறான் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இதில் பாதிதான் உண்மை. இந்த வழக்கம் வானொலியிலிருந்து வந்தது. அக்காலத்துப் பெரிய நிகழ்ச்சிகள் ஆண்டுக்கு 39 வாரம் நடக்கும், மிச்சம் 13 வாரம் விடுமுறை. அந்த இடைவெளியை ஏதாவது சில்லறைச் சரக்கை வைத்து நிரப்புவார்கள். சோப்பு விற்கிறவனும் சிகரெட் விற்கிறவனும்தான் நிகழ்ச்சிக்குப் பணம் கட்டினார்கள்; கேட்க ஆள் குறைந்த மாதங்களுக்கு அவர்கள் பணம் தரத் தயாராக இல்லை. ஆக, கோடை காலியாகக் கிடந்தது இயற்கையின் ஏற்பாடல்ல, விளம்பரக்காரனின் கணக்கு. பிறகு பார்வையாளரை எண்ணும் நீல்சன் நிறுவனம் நவம்பர், பிப்ரவரி, மே, ஜூலை என்று நான்கு மாதங்களை விசேஷமாக அளவெடுத்தபோது, மே மாதத்துக்குத்தான் எல்லோரும் வெடிமருந்தைச் சேமித்து வைத்தார்கள். கடைசி வாரத்தில் ஒருவனைச் சுடு, ஒருத்தியைக் கடத்து, 'தொடரும்' என்று போடு. ஜூலையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

இந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். 1980 மார்ச் 21 அன்று 'டாலஸ்' தொடரின் பருவம் முடிந்தபோது ஜே.ஆர். என்கிற வில்லன் சுடப்பட்டான். சுட்டது யார்? ஜூலையில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியதால் படப்பிடிப்பு தள்ளிப்போய், விடை நவம்பர் 21 அன்றுதான் கிடைத்தது. அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்டோர் அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தார்கள். நடுவிலிருந்த 8 மாதத்தில் நவம்பர் தொடக்கம் வரை கதையிலிருந்து ஒரு புதிய காட்சிகூட வெளிவரவில்லை. ஆனாலும் அந்த 8 மாதமும் கதை நடந்துகொண்டேதான் இருந்தது: அலுவலகப் பேச்சில், பந்தயக் கடைகளில், கேள்வியை அச்சடித்து விற்ற பனியன்களில். பிரதி இல்லாத இடத்தில் வாசிப்பு மட்டும் பெருகியது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் அறிவித்ததை இங்கே பல பேர் மேற்கோளாகவே வைத்துக்கொண்டு அலைகிறோம். ஆசிரியன் மாதக்கணக்கில் லீவு போட்டாலே என்னவெல்லாம் நடக்கும் என்று 'டாலஸ்' காட்டிவிட்டது.

நம் திணைக் கோட்பாட்டை வைத்து இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வேனில், பாலைக்குரிய பெரும்பொழுது; உரிப்பொருள் பிரிதல். காத்திருத்தலாகிய 'இருத்தல்' முல்லைக்கு உரியது, அதற்குப் பொழுது கார். முல்லைப் பாட்டில் தலைவன் பெரும்பாலும் எங்கேயோ பாசறையில் கிடக்கிறான். பாட்டை நிரப்புவது அவன் வரவல்ல, வரும்வரை இருப்பவளின் பேச்சு. அமெரிக்கக் கோடையில் நடப்பது பாலையின் பொழுதில் முல்லையின் ஒழுக்கம். திணைமயக்கம் என்று வைத்துக்குவோம். நான் சொல்ல வருவது, காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் அல்ல, அது ஒரு செயல்பாடு, உற்பத்தியும்கூட. அந்த உற்பத்தி யாருக்குச் சொந்தம் என்பதில்தான் தகராறு.

முதலில் அது ரசிகர்களுக்கே சொந்தமாக இருந்தது. 'ஸ்டார் ட்ரெக்' 1966 முதல் 1969 வரை மூன்றே பருவம், 79 கதைகள். நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பீஜோ டிரிம்பிள் என்கிற ரசிகையும் அவர் கணவரும் முன்னின்று நடத்திய கடித இயக்கம் 1968-ல் மூன்றாம் பருவத்தை வாங்கிக் கொடுத்தது. தொடர் செத்த பிறகு உள்ளூர் நிலையங்கள் அதை மறுஒளிபரப்பு செய்தன. செத்ததற்குப் பின்னால்தான் கூட்டம் சேர்ந்தது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்கள் ஒரு கூடுகை வைத்தார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். இன்னொரு பக்கம், பெண்கள் கதைகளைத் தாங்களே நீட்டி எழுதி, உருட்டச்சில் எடுத்து, அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த ஸ்டென்சில் வாசனை தெரியாததல்ல. ஹென்றி ஜென்கின்ஸ் 1992-ல் எழுதிய நூலில் மிஷேல் து செர்த்தோவிடமிருந்து ஒரு உருவகத்தை எடுத்து இவர்களுக்குச் சூட்டினார்: அடுத்தவன் காட்டில் களவாக வேட்டையாடுபவர்கள். நிலம் உன்னுடையது, மான் என்னுடையது. வெகுஜனக் கலாச்சாரம் என்றதும் அடோர்னோவைத் தூக்கிக்கொண்டு வந்து 'எல்லாரும் ஏமாளிகள்' என்று முடித்துவிடுகிறவர்களுக்கு இந்த உருவகம் நல்ல மாற்று மருந்து. ஆனால் காட்டுக்காரன் தூங்கிக்கொண்டே இருப்பான் என்று ஜென்கின்ஸும் எதிர்பார்த்திருக்க முடியாது.

சான் டியேகோவில் கூடும் காமிக்-கானின் கதை இங்கேதான் சேருகிறது. 1970 மார்ச் 21 அன்று அந்த ஊரின் யு.எஸ். கிராண்ட் ஓட்டலில் சுமார் 100 பேர் ஒருநாள் கூடினார்கள். அதே ஆகஸ்டில் மூன்று நாள் கூட்டம், 300 பேர். ஓவியர் ஜாக் கிர்பி வந்தார், எழுத்தாளர் ரே பிராட்பரி வந்தார். பழைய படக்கதைப் புத்தகம் வாங்கவும் விற்கவும், போட்டவனைக் கண்ணால் பார்க்கவும் கூடிய கூட்டம். 1976-ல், வெளிவராத 'ஸ்டார் வார்ஸ்' என்கிற படத்தைப் பற்றி அதன் விளம்பரப் பொறுப்பாளர் வந்து படவில்லைகள் போட்டுக் காட்டினார். எதிரே இருந்தவர்களுக்கு அது ஒரு புதினம், அவ்வளவுதான். பின்னால் யோசித்தால், வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிற மனசை அன்றைக்குத்தான் ஸ்டூடியோ நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. 2004 ஜூலையில் 'லாஸ்ட்' தொடரின் முதல் கதையை, செப்டம்பரில் ஒளிபரப்பாகுமுன் அங்கே திரையிட்டார்கள். காலிக் கோடையின் நடுவில், வரப்போகும் பருவத்தின் வாசல் ஜூலையில் திறந்தது.

கோடையும் அதற்குள் காலியாக இல்லை. 2000 மே 31 அன்று சிபிஎஸ் 'சர்வைவர்' என்ற தீவுப் போட்டியைத் தொடங்கியது. ஆகஸ்டில் அதன் கடைசி நாளை 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நமக்கு 2017-ல் தமிழில் வந்து சேர்ந்த பிக் பாஸின் அமெரிக்க வடிவமும் அதே 2000 ஜூலையில் பிறந்ததுதான். கம்பிவடச் சானல்கள், பெரியவர்கள் தூங்குகிற நேரம் பார்த்துத் தங்கள் தொடர்களை இறக்கின. 2006 ஜூலையில் 'சைக்', 2007 ஜூனில் 'பர்ன் நோட்டிஸ்', ஜூலையில் 'மேட் மென்'. விமர்சகர்கள் கடைசியானதைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது தகும்தான். ஆனால் கோடைக்கென்றே ஒரு அழகியல் உருவானது முதல் இரண்டில்தான்: கடற்கரை ஊர், பளிச்சென்ற வெளிச்சம், ஒரு வாரம் தவறவிட்டாலும் குடிமுழுகிப் போகாத கதை, வேலையைவிட வாய்ச்சவடாலை நம்பும் நாயகர்கள். 'சைக்'கில் துப்பறிபவன் தனக்கு ஞானதிருஷ்டி இருப்பதாகப் போலீசை ஏமாற்றியே பிழைக்கிறவன். நான் ரசித்துப் பார்த்தது இதைத்தான், மறைப்பானேன். இவையும் பின்னாளில் காமிக்-கான் மேடை ஏறின.

அந்த மேடைக்கு எப்படிப் போய்ச் சேருவது? 1991 முதல் விழா கடலோர மாநாட்டு மையத்தில் நடக்கிறது. அண்மைக் காலங்களில் வருகிறவர்கள் 1,30,000-க்கும் மேல். பெரிய அறிவிப்புகள் நடக்கும் 'ஹால் எச்' அரங்கில் ஏறத்தாழ 6,500 இருக்கைதான். நுழைவுச்சீட்டு இருந்தாலும் அரங்கத்தில் இடம் உறுதியில்லை. அதனால் முதல்நாள் இரவே வெளியே படுத்துக் கிடக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கை காலி செய்வதில்லை. எனவே சாயங்கால நிகழ்ச்சிக்கு வந்தவர் காலையிலேயே உள்ளே புகுந்து, தனக்குச் சம்பந்தமில்லாத நாலு படத்துக்கும் கைதட்டியபடி உட்கார்ந்திருப்பார். 2009-ல் 'டுவைலைட்' ரசிகைகள் திரண்டு வந்தபோது, இவர்களால் விழா கெட்டது என்று அட்டை எழுதிப் பிடித்தார்கள் சில ஆண்கள். நாற்பது வருஷமாகக் கேலிக்கு ஆளான சமூகம், தன் வீட்டு வாசலில் தானே காவல்காரனாக நின்றது. உருட்டச்சுக் காலத்துப் பெண்கள் ஞாபகத்துக்கு வந்திருந்தால் அட்டையை மடித்து வைத்திருப்பார்கள்.

இன்னொரு சம்பவம். 2007 மே மாதம் சிபிஎஸ் 'ஜெரிகோ' தொடரை நிறுத்தியது. நாயகன் சொன்ன ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் சிபிஎஸ் அலுவலகங்களுக்கு ஏறக்குறைய 20 டன் வேர்க்கடலை அனுப்பினார்கள். நிறுவனம் இறங்கி வந்து 7 கதைகள் தருகிறோம் என்றது. கூடவே, நீங்கள்தான் புதுப் பார்வையாளர்களைச் சேர்த்துத் தரணும் என்றும் கேட்டுக்கொண்டது. கடலை போய்ச் சேர்ந்தது எதிர்ப்பாக. திரும்பி வந்தது வேலை உத்தரவாக. கோடை முழுக்க ரசிகர்கள் ஆள் சேர்த்தார்கள். 2008 மார்ச்சில் தொடர் முடிந்துபோனது.

பார்வையாளர்களே விற்கப்படும் பண்டம், பார்ப்பதே அவர்கள் செய்யும் வேலை என்று டல்லஸ் ஸ்மைத் 1977-ல் எழுதியபோது மார்க்சியர்களே அவரோடு சண்டைக்குப் போனார்கள். நடைமுறையில் அந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது 2023-ல். மே 2 முதல் எழுத்தாளர்களும் ஜூலை 14 முதல் நடிகர்களும் வேலைநிறுத்தம். காமிக்-கான் ஜூலை 20 அன்று தொடங்கியது. படத்தையோ தொடரையோ முன்வைத்துப் பேசுவதும் வேலைதான், எனவே மேடையேறக் கூடாது என்றது நடிகர் சங்கம். பெரிய ஸ்டூடியோக்கள் பலவும் ஒதுங்கிக்கொண்டன. சரி, மேடையில் உட்கார்ந்து சிரிப்பது உழைப்பு. எதிரே இரவெல்லாம் புல்தரையில் கிடந்து, உள்ளே வந்து ஆரவாரித்து, அந்த ஆரவாரத்தையே விளம்பரமாக்கிக் கொடுத்தவர்கள் செய்தது என்ன? அன்பு என்பார்கள். அன்புதான். சம்பளம் கேட்க முடியாத உழைப்புக்கெல்லாம் வழக்கமாக வைக்கப்படும் பெயரும் அதுதானே. வீட்டில் சமைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

காத்திருப்பின் அளவும் மாறிவிட்டது. 2016 ஜூலை 15 அன்று நெட்ஃபிளிக்ஸ் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் பருவத்தின் 8 கதைகளையும் ஒரே நாளில் கொட்டியது. வாராவாரம் காத்திருக்க வேண்டாம், ஒரு ராத்திரியில் முடிச்சுடலாம். ஆனால் நான்காம் பருவம் 2022 ஜூலையில் முடிந்த பிறகு ஐந்தாவது வந்தது 2025 நவம்பரில். ஒரு கோடை காத்திருந்தவர்கள் மூன்று கோடைக்கு மேல் காத்திருந்தார்கள். தொடரில் நடித்த சிறுவர்களுக்கு அதற்குள் மீசை முளைத்துவிட்டது.

2023-க்கே திரும்புகிறேன். நட்சத்திரங்கள் இல்லை, ஹால் எச் வாசலில் வழக்கமான நெரிசல் இல்லை. ஆனாலும் விழாவுக்குக் கூட்டம் வந்தது. வேஷம் கட்டிக்கொண்டு வந்தார்கள், பழைய இதழ்களைப் புரட்டினார்கள், ஓவியர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைகளில் நின்று பேசினார்கள். 1970-ல் ஓட்டலில் கூடிய 100 பேர் செய்ததும் இதைத்தான். அடுத்த ஆண்டு ஜூலையில் ஸ்டூடியோக்கள் திரும்பி வந்தன. ராத்திரி வரிசையும் பழையபடி புல்தரைக்கு நீண்டது.