முடி நடும் முன் ஒரு நிமிடம்!

சீப்பில் முடி கொத்தாக வருகிறதா? பதற்றத்தில் முடி நடும் கிளினிக்குக்கு ஓடாதீர்கள். முதலில் காரணம் தெரிய வேண்டும்.

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம் முடிந்து 2, 3 மாதங்களில் அதிகம் கொட்டும். பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும். ரத்தசோகை, தைராய்டு என்றால் அதற்குத்தான் சிகிச்சை தேவை.

பரம்பரை வழுக்கை வேறு. ஹார்மோனால் முன்தலை, உச்சந்தலை வேர்க்கால்கள் சுருங்கும். பின்னந்தலை பெரும்பாலும் தப்பிக்கும். அங்கிருந்து வேரோடு எடுத்து வழுக்கையில் நடுவதே முடிமாற்று அறுவை சிகிச்சை. புதுமுடி உருவாவதில்லை, இருப்பதுதான் இடம் மாறுகிறது. எனவே, அவசரப்பட்டு வீணாக்கினால் மீண்டும் கிடைக்காது.

நட்ட முடி சில வாரங்களில் உதிரும். வேர் உள்ளேயே இருப்பதால் 3, 4 மாதங்களில் முளைக்கத் தொடங்கும். முழுப்பலன் தெரிய ஓராண்டு ஆகலாம்.

மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை இது. அழகு நிலையத்தில் அல்ல, பயிற்சி பெற்ற மருத்துவரிடம் மட்டுமே தலையைக் கொடுங்கள்!