கால் மடங்கினால் தாகம்! ராட்சத சிலந்திக்கு சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டும்

2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த பார்சலை சுங்க அதிகாரிகள் பிரித்தபோது, குட்டிக் குட்டி பிளாஸ்டிக் குப்பிகளில் 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன! எல்லாம் "டாரன்டுலா" என்னும் ராட்சத சிலந்தி இனம். இறக்குமதி அனுமதி இல்லாததால் திருப்பி அனுப்ப உத்தரவானது.

வெளிநாடுகளில் இதை ஆசையாக வீட்டில் வளர்க்கிறார்கள். தீனி? வாரத்துக்கு ஒன்றிரண்டு சுவர்க்கோழிப் பூச்சி போதும். வாரக்கணக்கில் பட்டினி கூட கிடக்கும். தாகம்தான் தாங்காது!

தண்ணீர் வற்றினால்...

இது கால்களை நீட்டுவதே உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான். தண்ணீர் வற்றினால் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிவிடும். செத்துப்போச்சு என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் ஊற்றி, வாய் படும்படி வைத்தால் பிழைத்தாலும் பிழைக்கும்.

தோல் உரிக்கும்போது மல்லாந்து படுக்கும். அதுவும் சாவு அல்ல. அந்த நேரத்தில் தீனி போட்டால், பூச்சியே சிலந்தியைக் கடித்துவிடும்!