மைசூர் ஜாவாவுக்கு ஸ்ரீராமபுரத்தில் மறுபிறவி

மைசூர் யாதவகிரியில் இருந்த 'ஐடியல் ஜாவா' மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1996-ம் ஆண்டில் மூடப்பட்டது. எந்திரங்கள் நின்றன. தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அங்கே பிறந்த வண்டிகள் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் வீதியில் இரட்டைச் சைலன்ஸர் முழங்க ஒரு வண்டி போனால், திண்ணையில் பத்திரிகை படிக்கும் பெரியவர்கள் தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார்கள், "ஜாவா போகிறது" என்று.

அப்படி ஒரு ஜாவா ஸ்ரீராமபுரத்துச் சந்து ஒன்றில் 24 ஆண்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. 14 மாத உழைப்புக்குப் பிறகு இன்று அது ஓடுகிறது. அதை ஓட வைத்தவர் செல்வந்தர் அல்ல. பீன்யா தொழிற்பேட்டையில் சிறு பட்டறை ஒன்றில் டர்னர் வேலை பார்க்கும் தமிழர். குடியாத்தம் பக்கத்திலிருந்து பின்னி மில் வேலைக்காக வந்த குடும்பம். பத்திரிகையில் பெயர் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். "என் பேரைப் போட்டால் இன்னும் இருபது பேருடைய பேரையும் போட வேண்டும்" என்றார். அது அடக்கத்துக்காகச் சொன்ன பேச்சு அல்ல, உண்மைதான் என்பது விசாரித்தபோது தெரிந்தது.

சீட்டுப் பணத்தில் வாங்கிய வண்டி

அவருடைய தந்தை பின்னி மில்லில் மேஸ்திரி. 1974-ல் சீட்டு எடுத்த பணத்தில், 1967-ம் வருட மாடல் ஜாவா 250 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினார். மில் தொழிலாளி மோட்டார் சைக்கிள் வாங்குவது அந்த நாளில் சந்துக்கே செய்தி. பொங்கலுக்கு ஊருக்குப் போவதும் அதில்தான். அம்மா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்க, முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் பையன்.

1998-ல் தந்தை காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சங்கிலி அறுந்து, வண்டி நின்று போயிருந்தது. அப்படியே மூடி வைத்தார்கள்.

இரண்டு அறை வீடு. பிள்ளைகள் வளர்ந்தார்கள். சந்தில் வண்டி அடைத்துக் கொண்டிருந்த இடம் மனைவியின் கண்ணை உறுத்தியதில் தவறில்லை. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார். பிறகு பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கும் ஒருவர் காரில் வந்து இறங்கி, டர்னரின் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை ரொக்கமாக நீட்டினார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது. வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மூன்றாம் நாள், எண்பதை நெருங்கிய தாயார், "விற்கிறதானால் நான் கண்ணை மூடின பிறகு வில்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். விற்பனை அதோடு முடிந்தது. 2022 ஜனவரியில் தார்ப்பாயை எடுத்தார்கள்.

ஒரே லிவர், இரண்டு வேலை

ஜாவா செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த வண்டி. 1929-ல் யானெச்செக் என்பவர் ஜெர்மனியின் 'வாண்டரர்' மோட்டார் சைக்கிளைச் செய்யும் உரிமையை வாங்கினார். தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் அதன் முதல் இரண்டு எழுத்துகளையும் ஆங்கிலத்தில் சேர்த்தார், 'ஜாவா' ஆயிற்று. இந்தியாவில் ரஸ்டம் இரானியும் பரூக் இரானியும் மைசூரில் 1961-ல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையாரின் ஆதரவும் அதற்கு இருந்தது. 1973 முதல் வண்டிகளுக்கு 'யெஸ்டி' என்று பெயர் மாறியது.

இதன் என்ஜின் டூ-ஸ்ட்ரோக். ஒரே சிலிண்டர், ஆனால் புகை போக இரண்டு குழாய்கள். சிலிண்டரின் குறுக்களவு 65 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. ஜாவாவைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது அதன் கிக்கரில்தான். தேடினால் கிடைக்காது. இடது பக்கத்துக் கியர் லிவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர்! வண்டி கிளம்பியதும் மறுபடி அதுவே கியர். கியர் மாற்றும்போது கிளட்சைப் பிடிக்கவும் வேண்டியதில்லை. லிவரை மிதித்தாலே கிளட்ச் விலகிக் கொள்ளும். அறுபது வருடத்துக்கு முன்பே செய்த வசதி இது.

பிரித்துப் போட்டபோது

முதலில் கூப்பிட்டது சிவாஜிநகரில் இருக்கும் எழுபது வயது மெக்கானிக் ஒருவரை. எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். தந்தை உயிரோடு இருந்தபோது இந்த வண்டியைப் பார்த்தவரும் அவரே. வந்தார், சிலிண்டரைக் கழற்றச் சொன்னார், கிராங்க்கைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். "இதில் எதுவும் மிச்சம் இல்லை. ஆனால் எல்லாம் இருக்கிறது" என்றாராம்.

உண்மையில் இருந்தது என்ன? ரிங்குகள் பிஸ்டனோடு ஒட்டிப் போயிருந்தன. கனெக்டிங் ராடின் பேரிங் துருவேறியிருந்தது. ஆயில் சீல்கள் அப்பளமாக நொறுங்கின.

டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் சீல் என்பது சில்லறைச் சாமான் அல்ல. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி முதலில் கிராங்க் அறைக்குள் வந்து அழுந்தி, அதன் பிறகே மேலே போகிறது. ஆகவே அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இடது பக்கத்துச் சீல் போனால் கிளட்ச் பக்கமிருந்து கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகக் கக்கும். வலது பக்கம், டைனமோ இருக்கும் பக்கம் போனால் வெறும் காற்றை உறிஞ்சி என்ஜின் தறிகெட்டு ஓடும். சூடேறி பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். 'ஜாவா என்றாலே புகை' என்று கேலி செய்கிறவர்கள் பலர் பார்த்தது இடது பக்கத்துச் சீல் போன வண்டிகளைத்தான். நல்ல நிலையில் இருந்தாலும் டூ-ஸ்ட்ரோக் கொஞ்சம் புகைக்கத்தான் செய்யும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சேதம் ஒன்று இருந்தது. அறுந்த சங்கிலி முன்பக்கச் சக்கரப் பல்லில் சுருண்டு, என்ஜின் கூட்டின் அலுமினியத்தை விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

நம்பர் விவகாரம்

பிளந்த கூட்டுக்கு மாற்று குஜிரிக் கடையில் கிடைத்தது. விலையும் அதிகமில்லை. ஆனால் அதில் பொறித்திருந்த என்ஜின் நம்பர் வேறு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பர் வேறு. கடைக்காரர் அதற்கும் வழி சொன்னார்: நம்பரை அரைத்துவிட்டு, பழைய நம்பரைக் குத்திவிடலாம், ஐந்து நிமிட வேலை!

இப்படி 'ஐந்து நிமிட வேலை' செய்த வண்டிகள் ஊரில் உண்டு. அகப்பட்டால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும், வழக்கு வரும், வண்டி போலீஸ் நிலைய வாசலில் மழையில் நனையும். டர்னருக்குச் சபலம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாவது நாள் கூட்டைத் துணியில் சுற்றி பீன்யாவுக்கே எடுத்துப் போனார். அங்கே ஆர்கான் வெல்டிங் வைக்கும் தோழர் ஒருவர், முப்பது வருட எண்ணெய் குடித்த அலுமினியத்தில் வெல்டிங் பிடிக்காது என்று கையை விரித்தார். காஸ்டிக் சோடாவில் கழுவி, சூடேற்றி எண்ணெயைக் கக்க வைத்து, மறுபடி கழுவி, இப்படி நான்கு தடவை செய்த பிறகே வெல்டிங் பிடித்தது. வேலை நடந்தது ஷிப்டு முடிந்த பிறகு, இரவில். கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தழும்பு இன்றும் கூட்டின் மேல் தெரிகிறது. பெயிண்டால் மூடலாம் என்று சிலர் சொன்னார்கள். டர்னர் மூடவில்லை.

தங்கவயலிலிருந்து பிஸ்டன்

பெங்களூரில் ஜாவா, யெஸ்டி பிரியர்கள் ஏராளம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இரண்டாவது ஞாயிறு அன்று 'ஜாவா தினம்' என்று வண்டிகளோடு கூடுகிறார்கள். வங்கிக் குமாஸ்தா, டாக்டர், கல்லூரி மாணவர் எல்லோரும் அங்கே ஒன்று. 2022 ஜூலையில் டர்னர் வண்டி இல்லாமல் பஸ்ஸில் போனார். கையில் தேவையான சாமான்களின் பட்டியல்.

அங்கே யெஸ்டி ரோட்கிங் வைத்திருக்கும் கன்னடக்காரரான வங்கி ஊழியர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். 65.50 மி.மீ. பிஸ்டன் ஒன்று கோலார் தங்கவயலில் இருப்பதாகத் தகவல் வந்தது. 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு வியாபாரம் படுத்துப்போன ஒரு சாமான் கடையில், பிரிக்காத அட்டைப் பெட்டியில், அசல் பிஸ்டன்! கடைக்காரர் தமிழர். இன்றைக்கு அந்தச் சாமானுக்கு என்ன விலை கேட்கலாம் என்பது அவருக்கும் தெரியும். பெட்டியில் அச்சிட்டிருந்த பழைய விலையை வாங்கிக் கொண்டு, வண்டி ஓடியதும் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கிராங்க்கை மைசூருக்குக் கொண்டு போனார்கள். தொழிற்சாலையில் என்ஜின் கோக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஜாவாவின் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு சக்கரங்களையும் நடுவில் ஊசியையும் அழுத்திச் சேர்த்தது. சேர்த்த பிறகு இரண்டு முனையும் ஒரே கோட்டில் சுழல வேண்டும். மயிரிழை கோணினாலும் என்ஜின் ஆளையே உலுக்கிவிடும். பெரியவர் அதைச் செம்புச் சுத்தியலால், காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். டர்னர் தம் டயல் கேஜை வைத்துப் பார்த்தார். முள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் அசையவில்லை. கேஜைப் பெட்டியில் வைத்துவிட்டாராம்.

பெரியவருக்குக் கன்னடம் மட்டும் தெரியும். டர்னருக்குப் பட்டறைக் கன்னடம். பாய்க்கு உருதும் தமிழும். மூவருக்கும் நடுவில் கிராங்க். பேச்சுக்குக் குறை வரவில்லை.

இத்தனை பேருக்கும் டர்னர் கொடுத்தது என்ன? கியர் லிவர் உட்காரும் இடத்தில் இருக்கும் புஷ் இந்த வண்டிகளில் தேய்ந்து போகும். கடையில் கிடைப்பது சரியாகப் பொருந்துவதில்லை. அவர் லேத்தில் பித்தளையில் கடைந்து கொடுக்கிறார். முதலாளி அனுமதித்த மிச்சத் துண்டுகள். நேரம் மட்டும் அவருடையது. இதுவரை முப்பதுக்கு மேல் போயிருக்கிறது.

முலாம் பூச்சுக்குத்தான் பணம் கரைந்தது. டேங்கின் பக்கவாட்டிலும் சைலன்ஸர்களிலும் செம்பு, நிக்கல், குரோமியம் என்று வரிசையாக ஏற்ற வேண்டும். ஓவர்டைம் பணம் முழுவதும் அதற்கே போயிற்று. கணக்கு நோட்டை மனைவி பார்த்துக் கொண்டார். மொத்தச் செலவு புது நூறு சி.சி. வண்டியின் விலையை எட்டிப் பிடித்தது என்பதை அவர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

காகிதம்

வண்டி எழுந்தாலும் காகிதம் எழ வேண்டுமே! 'எம்.ஒய்.' என்று தொடங்கும் பழைய மைசூர் ராஜ்ய நம்பர். ஆர்.சி. தந்தையின் பெயரில். சொந்தக்காரர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற 31-ம் எண் படிவம் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டியது. இங்கே 24 வருடம்! இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாயாரும் தங்கையும் எழுதிக் கொடுத்த சம்மதம், தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பெயர் மாறியது. பிறகு 25-ம் எண் படிவத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். என்ஜின் நம்பரை இன்ஸ்பெக்டர் விளக்கடித்துப் பார்த்தார். ஒரிஜினல்! வெல்டிங் தழும்பையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் தனி விதி செய்திருக்கிறது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி வரிசை நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு போன்ற காரணங்களுக்கன்றிச் சாதாரணமாகச் சாலையில் ஓட்டக் கூடாது. டர்னர் அந்தப் பக்கம் போகவில்லை. பார்ப்பதற்காகச் செய்த வண்டி அல்லவே இது. அலங்கரித்துக் கூடத்தில் நிறுத்துகிறவர்கள் நிறுத்தட்டும். ஓடாத மோட்டார் சைக்கிளில் என்ன இருக்கிறது?

2023 மார்ச்சில் ஒரு ஞாயிறு. புது போர் போட்ட என்ஜின் என்பதால் லிட்டருக்கு 40 மி.லி.க்குப் பதில் 50 மி.லி. ஆயில் கலந்தார்கள். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. என்று பாய் இரண்டு தடவை சரிபார்த்தார். ஏழாவது மிதியில் பிடித்தது. சந்து முழுக்கப் புகை. தாயாரை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனார்.

முதல் நீண்ட பயணம் தங்கவயலுக்கு. கடைக்காரருக்குக் கொடுத்த வாக்கு.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எங்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் டேங்கையும் கெடுக்கும். ஆகவே வண்டி சில நாள் நிற்கும் என்றால் கார்புரேட்டரைக் காலி செய்து வைக்கிறார். பாய்க்குக் கண் மங்கிவிட்டது. பாயிண்ட் வைக்கும்போது மகளை விளக்குப் பிடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெண் இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். இடைவெளியைத் தானே அளக்கிறாள்.

சந்தில் இடம் இன்னும் காலியாகவில்லை. ஓசூரிலிருந்து ஒருவர் யெஸ்டி ரோட்கிங் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். இடது பக்கத்துச் சீல் போயிருக்கிறது.