வேட்டை சீசன் வந்ததும் மாயமாகும் எல்க் மான்கள்... எங்கே போகின்றன?

செப்டம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் வேட்டை சீசன் களைகட்டிவிடும். முதலில் வில் அம்பு, அப்புறம் துப்பாக்கி. ஆனால், உரிமம் வாங்கிக்கொண்டு மலையேறுபவர்களில் பலர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். போன வாரம்வரை கூட்டமாக மேய்ந்த எல்க் மான்கள் எங்கே?

படுக்கும் இடம் ஏன் முக்கியம்?

எல்க், நம்ம ஊர் கடமானின் உறவினர். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். விடியற்காலையிலும் அந்தியிலும் புல்வெளியில் மேயும். பகலில் அடர்ந்த மரநிழலில், பெரும்பாலும் வெயில் குறைவாக விழும் வடக்குச் சரிவில் படுத்து அசைபோடும். அந்த இடத்துக்குள்ளும் மனிதர்கள் நுழைந்துவிட்டால், கூட்டமே எழுந்து ஓட்டமெடுக்கும். சில நேரம் பல கிலோமீட்டர் தள்ளிப்போய்தான் நிற்கும். பனிக்காலத்தைத் தாண்ட உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு, இந்த ஓட்டத்திலேயே கரையும்.

வயசு ஏற ஏற உஷார்!

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எல்க்குகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தனர். அதிகம் அலைந்து, வெட்டவெளியில் நின்றவை சுடப்பட்டன. ஒதுங்கியே இருந்தவை தப்பின என்றது 2012-ல் வெளியான முடிவு. 2017-ல் வந்தது இன்னும் சுவாரஸ்யம். பெண் எல்க்குகள் வயதாக ஆக நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. சாலைக்குப் பக்கத்தில் இருந்தால் காட்டுக்குள்ளும் கரடுமுரடான சரிவிலும் ஒதுங்குகின்றன. 9, 10 வயதைத் தாண்டிவிட்டால் வேட்டைக்காரரிடம் சிக்குவதே அபூர்வம்.

இதில் யாருக்கு என்ன சிக்கல்?

அரசு வனத்தில் நெருக்கடி கூடினால், வேட்டைக்கு அனுமதியில்லாத தனியார் பண்ணைகளுக்கு எல்க்குகள் இடம் மாறிவிடுகின்றன. பண்ணைக்காரருக்குப் பயிரும் வேலியும் சேதம். பொது நிலத்தை நம்பி வந்த வேட்டைக்காரருக்கு ஏமாற்றம். வேட்டை மூலம் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் அரசின் கணக்கும் சொதப்பிவிடும்.

தீர்வு இருக்கா?

இருக்கு. 1991-லேயே மொன்டானா ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் சொன்னார்கள். வாகனம் ஓடும் சாலையிலிருந்து 800 மீட்டருக்கு அப்பால், குறைந்தது 100 ஹெக்டேர் பரப்புள்ள காட்டுத் துண்டுகள் வேண்டும். எல்க்குகளின் வாழிடத்தில் சுமார் 30 சதவீதமாவது இப்படி இருக்க வேண்டும். சீசனில் சில வனச் சாலைகளை மூடுவதன் நோக்கமும் இதுதான். நிம்மதியாகப் படுக்க இடம் கிடைத்தால், எல்க் அரசு வனத்தை விட்டுப் போக வேண்டிய அவசியம் குறையும். அது வேட்டைக்காரருக்கும் லாபம்தானே!