புறம்பே நிற்பவரும் தேவ கிருபையும்

மாற்கு 7:24-30இல் வரும் சீரோபேனிக்கிய ஸ்திரீயைப்பற்றிப் பிரசங்கிக்க நேரிடும்போதெல்லாம் அவளுடைய தாழ்மையைப் பாராட்டி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கம். பல்லாண்டுகளுக்கு முன் நாமக்கல்லுக்கு அருகே, ஊருக்குப் புறம்பான ஒரு குடியிருப்பின் சிற்றாலயத்தில் நாமும் அவ்வாறே பிரசங்கித்தோம். ஆராதனை முடிந்தபின் முதிய தாயார் ஒருவர் நம்மை நிறுத்தி, "ஏனுங்க ஐயா, அந்தப் பொம்பளை எதுத்துப் பதில் பேசுனாளல்லங்க, அதைச் சொல்லாம உட்டுட்டீங்களே?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அச்சபையார் அருந்ததியர். அவர்கள் இச்சமவெளியில் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தனர் என்பதை அறியாதவன் அக்கேள்வியின் பாரத்தை அறியான். கிணற்றுப் பாசனத்தையே பெரிதும் நம்பிய இந்நிலத்தில், மின்சாரப் பம்பு செட்டுகள் வரும்வரை எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தே பயிர் விளைந்தது. கவலைப் பறியின் அடியில் பொருத்தும் தோல்வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் இவர்களே. இவர்கள் தைத்த தோலின் வழியாக வந்த நீர் ஊரார் வயலிலெல்லாம் பாய்ந்தது. ஊரின் குடிநீர்க் கிணற்றிலோ இவர்கள் கைபடலாகாது என்றிருந்தது. தோலைத் தொடுகிறவனுக்குத் தீட்டு என்றவர்கள் உண்ட சோறும் அத்தோல் இறைத்த நீரில் விளைந்ததே. பம்பு செட்டு வந்தபோது அத்தொழில் போயிற்று; தீட்டு போகவில்லை. இவர்களுள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவதால், தமிழ் பேசும் மற்றத் தாழ்த்தப்பட்டோரிடையேயும் சிறிது அயலாராகவே எண்ணப்பட்டனர்.

இனித் திருமறைப் பகுதிக்கு வருவோம். மத்தேயு 15:28 அப்பெண்ணின் விசுவாசத்தை மெச்சுகிறது. மாற்கு 7:29இல் ஆண்டவர் சுட்டுவது அவள் பேசிய சொல்லை. மூலமொழியில் அங்கு நிற்கும் பதம் 'லோகோஸ்'. இதே அதிகாரத்தில் சற்று முன்னர், 7:13இல், பாரம்பரியத்தினால் தேவ வசனம் அவமாக்கப்படுவதைக் கண்டிக்குமிடத்திலும் அப்பதமே வருகிறது. சுத்தம் எது, தீட்டு எது என்று கைகழுவுதலைப்பற்றி வேதபாரகரோடு நடந்த நீண்ட வழக்கு 7:23இல் முடிகிறது. அடுத்த வசனத்திலேயே ஆண்டவர் தீருவின் எல்லைக்குப் போகிறார். உள்ளே இருந்தவர்கள் அவமாக்கிய 'லோகோஸ்' வெளியே நின்ற ஒரு பெண்ணின் வாயில் வெளிப்படும்படி மாற்கு கதையை அமைத்திருக்கிறார் என்றே நாம் கருதுகிறோம்.

'திருப்தியடைதல்' என்னும் வினையையும் கவனித்தல் வேண்டும். கலிலேயாவில் ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்தனர் (6:42). முதலாவது பிள்ளைகள் திருப்தியடையட்டும் என்கிறார் ஆண்டவர் (7:27). அவள் பதில் பேசிய பின்னர், தெக்கப்போலி நாட்டு எல்லைகளில் நாலாயிரம் பேர் உண்டு அதே வினைப்படி திருப்தியடைகின்றனர். ஏழு கூடைகள் மீதியாகின்றன (8:8). துணிக்கையைக் கேட்டவளுக்குப் பின்னால் ஒரு பந்தியே வந்தது. அவளை நாய்க்குட்டியோடு ஒப்பிட்ட கடுஞ்சொல்லை எளிதாக்க வியாக்கியானக்காரர் பலர் முயன்றிருக்கின்றனர். வீட்டு நாய்க்குட்டியைத்தானே சொன்னார் என்பர். அச்சொல்லால் தெருவில் ஏசப்பட்டவர்கள் எதிரே அமர்ந்திருக்கையில் அவ்விளக்கம் உதவுவதில்லை. அவள் அச்சொல்லை விழுங்கிக்கொண்டாள் என்று கூறுவதைவிட, அதையே பற்றிக்கொண்டு வழக்காடினாள் என்று கூறுவதே வாசகத்துக்கு ஏற்றது. அவ்வழக்கில் அவள் வென்றாள். கிருபை அவளுடைய வாயை அடைக்கவில்லை.

இப்பகுதிகளில் கைவிடப்பட்டோரைக் குறித்துப் பேசும் பிரசங்கியார் பெரும்பாலும் ஈவ்லின் பிராண்ட் அம்மையாரின் வரலாற்றையே எடுப்பர். 1929இல் கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் காய்ச்சலால் மரித்தார். அம்மையார் எழுபது வயதை நெருங்கியபோது அவரது மிஷன் ஓய்வுபெறச் சொல்லியும், அவர் மலையேறி, 1974இல் தமது 95ஆம் வயதில் மரிக்கும்வரை மலைமக்களிடையே ஊழியம் செய்தார். போற்றத்தக்க வாழ்வு. ஆயினும் அவர் விரும்பிப் புறம்பே போனவர். நம் சபையார் பிறப்பிலேயே புறம்பே வைக்கப்பட்டவர்கள். எபிரெயர் 13:13 பாளயத்துக்குப் புறம்பே புறப்படும்படி அழைப்பது முந்தியவரைப் போன்றோரை. ஏற்கெனவே அங்கே இருக்கிறவர்களுக்கு நற்செய்தி அதற்கு முந்திய வசனத்தில் இருக்கிறது: இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார். அவர்கள் எங்கும் புறப்பட வேண்டியதில்லை. அவர் அவர்களுடைய தெருவிலே இருக்கிறார். இவ்விரண்டையும் குழப்பி, அடிபட்டவனிடம் சிலுவை சுமக்கச் சொல்லும் பிழையை நாமும் செய்திருக்கிறோம்.

கிருபை இலவசம் என்று பிரசங்கிக்கிறோம். ஞானஸ்நானத்துக்கு விலை உண்டு என்பதையும் இங்குள்ள ஆயர்கள் அறிவர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே தாழ்த்தப்பட்ட சாதியாராக ஏற்றது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்து வந்த சூசை என்பவர், அத்தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட சாதியாருக்கு இலவசமாக அளிக்கப்பட்ட கடைப்பெட்டி கிறிஸ்தவர் என்பதால் தமக்குக் கிட்டவில்லை என்று உச்ச நீதிமன்றம் சென்றார். 1985இல் அவரது மனு தள்ளப்பட்டது. மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். (ஆதாரத்தை நம் சபைகள் சிலவற்றின் கல்லறைத் தோட்டங்களிலேயே காட்டியிருக்கலாம்.) 2009இல் தமிழ்நாடு அரசு 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கென 3 விழுக்காட்டை ஒதுக்கியது, உட்பிரிவு செய்ய அரசுகளுக்கு அதிகாரம் உண்டு என 2024இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அருந்ததியக் கிறிஸ்தவர் அவ்வொதுக்கீட்டுக்கு வெளியே, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கின்றனர்.

ஆதலால் ஒரு தகப்பன் வந்து, "பாப்பாவுக்குக் காலேஜுல எடம் கெடைக்கிற வரைக்கும் பதிவேட்டுல பேரு வேண்டாமுங்க ஐயா" என்கிறார். முன்னாளில் நாம் அதைக் கோழைத்தனம் என்று கடிந்ததுண்டு. பொய்ச் சான்றுக்கு நாம் துணைபோக இயலாது. ஆயினும் நமக்கு ஒரு செலவும் வைக்காத அறிக்கையை அவரிடம் மட்டும் பெருவிலைக்குக் கேட்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது? அப்பெண்ணுக்காகச் சபை கல்விக் கட்டணம் செலுத்த முன்வந்ததா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை.

நம் மாணவர் ஒருவர், சொந்த ஊர் எது என்று எவர் வினவினாலும் "நாமக்கல் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இரண்டாம் ஆண்டில் பிரசங்கப் பயிற்சிக்கு அவர் தெரிந்தெடுத்தது மாற்கு 7. அம்முதிய தாயாரின் கேள்வியை நாம் அவரிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்து, அவர் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர் என்று கேட்டார். சொன்னோம். "எங்களூருக்கு அடுத்ததுதானுங்க ஐயா" என்று, தம் ஊரின் பெயரை முதன்முறையாக நம்மிடம் கூறினார்.